64 கண்ணி: மெல்லிய நூலில் சாக்ஸ் பின்னுவது

கையால் பின்னும் சாக்ஸ் பாதத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஆரம்பிக்கிறவர்கள் இதை நம்புவதில்லை. பாதத்தின் சுற்றளவை அளந்து, அதே அளவுக்குப் பின்னி, போட்டு இரண்டு தெரு நடப்பதற்குள் அது ஷூவுக்குள் சுருண்டு குதிகாலுக்குக் கீழே வந்துவிடும். சென்னை எம்.சி. ரோட்டில் வாங்குகிற சாக்ஸின் வாயில் எலாஸ்டிக் இருக்கிறது, அதனால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் காலைப் பிடித்துக்கொள்ளும். கைப்பின்னலில் எலாஸ்டிக் கிடையாது. இழுபடுவதும் திரும்பிச் சுருங்குவதும் கண்ணியும் (பின்னலின் ஒவ்வொரு வளையமும்) நூலும் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையைச் செய்ய அவற்றுக்கு இழுபட இடம் வேண்டும். சுமார் 10 சதவீதம் சிறிதாகப் பின்னுவது அதற்காகத்தான்.

அளவு எடுப்பது சாயங்காலம். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், சாக்ஸ் அந்தக் காலுக்கும் பொருந்த வேண்டும். எழுந்து நின்று, கட்டைவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் மேலாக டேப்பைச் சுற்றுங்கள். அங்கே 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 20. நீளத்தைக் குதிகால் பின்புறத்திலிருந்து நீளமான விரலின் நுனிவரை எடுங்கள். 24 என்றால் சாக்ஸை 23 செ.மீ.க்குப் பின்னினால் போதும். இங்கே சொல்லும் கணக்கு முழுக்க இந்த ஒரு பாதத்துக்கு. உங்கள் எண் வேறாக இருந்தால் கடைசியில் கண்ணி எண்ணிக்கைதான் மாறும், செய்முறை மாறாது.

நூலைத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்த ஊருக்கென்று யோசிக்க வேண்டியது நிறைய. சாக்ஸுக்கான மெல்லிய நூல் என்றால் 100 கிராமில் சுமார் 400 மீட்டர் வருவது. வழக்கமான கலவை கம்பளி 75, நைலான் 25. கம்பளி இழுபட்டுத் திரும்பும், நைலான் உரசலைத் தாங்கும். பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கக் கடைகளில் "உல்லன்" என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக். லேபிளில் என்ன இழை, எத்தனை சதவீதம், எத்தனை மீட்டர் என்று பார்க்காமல் வாங்காதீர்கள். அக்ரிலிக் வேர்வையை உறிஞ்சாது. ஏ.சி. அறையில் படுக்கும்போது போட்டுக்கொள்ள அது சரி, ஷூவுக்குள் போட்டு வெயிலில் நடக்கச் சரிப்படாது.

சென்னை வெயிலில் கம்பளியா என்று கேட்பார்கள். மெல்லிய கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பருத்தி நனைந்தால் நனைந்ததுதான். ஈரத்தோடு தோலில் ஒட்டி, உரசி, கொப்புளம் போட வைக்கும். எண்ணூரிலும் மணலியிலும் எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவில் நிற்கிற கால்களுக்கு மெல்லிய கம்பளி‑நைலான் கலவையே நல்லது. "சூப்பர்வாஷ்" என்று லேபிளில் இருந்தால் மெஷினில் துவைத்தாலும் சிக்குப் பிடித்துச் சுருங்காது. ஆனால் அந்த நூல் நனைந்தவுடன் கொஞ்சம் நீளும், அதனால் அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டைக் கட்டாயம் நனைத்துக் காயவைத்துத்தான் அளக்க வேண்டும்.

பருத்தியில்தான் பின்னுவேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. திருப்பூர்ப் பனியன் நூலில் 20‑ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடையில் 20 சிட்டம், சிட்டத்துக்கு 840 கெஜம். கிராமுக்கு ஏறக்குறைய 34 மீட்டர் வருகிறது. அதில் எட்டு இழையைச் சேர்த்தால் 100 கிராமுக்கு 420 மீட்டரை ஒட்டி வரும், அதாவது சாக்ஸ் நூலின் கனம். கோன் நூல் மலிவாகக் கிடைக்கிறவர்களுக்கு இது ஆசையைத் தூண்டும். பிரச்சினை என்னவென்றால், முறுக்கில்லாமல் சேர்த்த எட்டு இழையில் ஊசி முனை நடுவே பாயும், ஆறு இழை கண்ணிக்குள் வரும், இரண்டு வெளியே தொங்கும். முறுக்கேற்றிய நூலாக வாங்குவது நல்லது. கூடவே, பருத்தி இழுபட்டால் திரும்பாது. அதனால் கணுக்கால் முழுவதையும், புறங்காலின் மேல்பகுதியையும் ரிப்பாகவே (இழுபட்டுத் திரும்பும் வரிப் பின்னல்) பின்னுங்கள். நூல் செய்யாத வேலையை அந்த ரிப் ஓரளவு செய்யும்.

ஊசி 2.25 மி.மீ. பழைய நம்பர் முறையில் இது 13. அந்த முறையில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை மறக்காதீர்கள். 12‑ஆம் நம்பர் 2.75 மி.மீ., சாக்ஸுக்குத் தளர்ச்சி. இரண்டு பக்கமும் முனையுள்ள ஐந்து ஊசி செட்டிலும் பின்னலாம், 80 செ.மீ. சர்க்குலர் ஊசியில் கேபிளை நடுவே இழுத்து வளையம் விட்டும் பின்னலாம். துணியில் வித்தியாசம் இருக்காது. ஊசி எதனால் ஆனது என்பதில்தான் வித்தியாசம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் முலாம் போன இரும்பு ஊசி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும், அந்தத் துரு வெளிர் நிற நூலில் ஏறினால் போகாது. துருப்பிடிக்காத ஸ்டீல் ஊசி வாங்குங்கள், பின்னி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். மூங்கில் ஊசி துருப்பிடிக்காது. ஆனால் புழுக்கமான நாளில் கை வேர்த்தால் கண்ணி அதில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும், 2.25 மி.மீ. மூங்கில் சுலபமாக ஒடியவும் செய்யும். கத்தரி வெயிலில் விடியற்காலையில் பின்னுவதுதான் உத்தமம். வேர்த்த கையில் நூல் இழுவை கூடும், கண்ணி இறுகும், ஒரே சாக்ஸில் இரண்டு அளவு வந்துவிடும்.

மாதிரித் துண்டை வட்டமாகவே பின்னுங்கள். போய்த் திரும்பும் தட்டைத் துண்டில் பர்ல் (மறுபக்கக் கண்ணி) வரிசையும் கலக்கும். பலருக்கு பர்ல், நேர்க்கண்ணியான நிட்டைவிடத் தளர்வாக விழும், அந்த அளவு சாக்ஸுக்கு உதவாது. நனைத்துக் காய்ந்தபின் 10 செ.மீ. அகலத்தில் 32 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 44 சுற்று என்பதுதான் குறி. 20 செ.மீ.க்கு 64 கண்ணி என்பது இங்கேதான் வருகிறது. இரண்டு கண்ணி தானே என்று விடாதீர்கள். 10 செ.மீ.க்கு 30 வந்தால் அதே 64 கண்ணி 21.3 செ.மீ. ஆகிவிடும். 22 செ.மீ. பாதத்தில் அது நிற்காது. 34 வந்தால் 18.8, குதிகாலைத் தாண்டி ஏற்றவே சிரமம். கண்ணி எண்ணிக்கையை மாற்றாமல் ஊசியைக் கால் மி.மீ. மாற்றிப் பாருங்கள். தளர்ந்த துணி சீக்கிரம் தேயும் என்பதால் சந்தேகம் வந்தால் மெல்லிய ஊசியின் பக்கம் சாயுங்கள்.

64 கண்ணி ஏற்ற ஒரு மீட்டர் நூலை வால் விட்டுத் தொடங்குங்கள். இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிட்டால் விளிம்பு இழுபடும். இறுக்கி ஏற்றிய விளிம்புதான் கெண்டைக்காலில் சிவப்புக் கோடு போடுவது. நாலு ஊசியில் 16 வீதம் பிரித்து, விளிம்பு முழுவதும் உள்பக்கம் பார்க்கிறதா, எங்கேயாவது முறுக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இணையுங்கள். முறுக்கோடு இணைத்து நாலு சுற்றுப் போய்விட்டால் பிரிப்பதைத் தவிர வழி இல்லை. இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப்பில் 22 சுற்று, சுமார் 5 செ.மீ. அதன்பின் வெறும் நிட்டில் குதிகால் வரை. விளிம்பிலிருந்து மொத்தம் 15 செ.மீ. வந்தால் போதும், 66 சுற்று.

ஊசியும் ஊசியும் சந்திக்கும் இடத்தில் ஏணிப்படி போல இடைவெளி விழும். முதல் கண்ணியை இறுக்கி இழுத்தால் சரியாகும் என்று தோன்றும், ஆகாது. முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னி, இரண்டாவதைப் பின்னியபின் நூலை இழுங்கள். அப்போதுதான் முதல் கண்ணியின் தளர்ச்சி போகும். அதோடு ஓரிரு சுற்றுக்கு ஒருமுறை இரண்டு கண்ணியை அடுத்த ஊசிக்கு நகர்த்திக்கொண்டே போனால் ஏணி ஒரே இடத்தில் சேராது.

இனி குதிகால். சாக்ஸில் மூளை வேலை செய்கிற இடம் இது ஒன்றுதான், இதற்காகவே பலர் சாக்ஸ் பின்னுகிறார்கள். 64‑இல் பாதி, 32 கண்ணியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சும்மா விட்டுவிடுங்கள். நல்ல பக்கத்தில் ஒரு கண்ணியைப் பின்னாமல் மறு ஊசிக்கு நழுவவிட்டு அடுத்ததை நிட், இப்படியே வரிசை முழுக்க. மறுபக்கத்தில் முதல் கண்ணியை நழுவவிட்டு மீதி பர்ல். 32 வரிசை, இதுதான் குதிகால் பட்டை. நழுவிய கண்ணிக்குப் பின்னால் நூல் குறுக்கே ஓடுவதால் துணி இரட்டைக் கனமாகிறது, ஷூ உரசுகிற இடத்தில் அதுதான் கவசம். இரு ஓரத்திலும் சங்கிலி போல 16 வளையம் நிற்கும். புறங்கால் உயரமாக இருப்பவர்களுக்கு 36 வரிசை, 18 வளையம். சாக்ஸ் போட்டால் புறங்காலில் குறுக்கே இழுத்துப் பிடிக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டையைக் குட்டையாகப் பின்னியவர்கள்.

பட்டை முடிந்ததும் குதிகால் உட்காரும் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பின்ன வேண்டும். இதற்கு இரண்டு குறைப்பு தெரிந்தால் போதும். இரண்டு கண்ணியைச் சேர்த்து நிட் செய்தால் வலப்பக்கம் சாயும். இரண்டு கண்ணியை ஒவ்வொன்றாக நிட் செய்வதுபோல வல ஊசிக்கு நழுவவிட்டு, இரண்டின் முன்புறம் வழியாக இட ஊசியை நுழைத்துச் சேர்த்துப் பின்னினால் இடப்பக்கம் சாயும். முதல் வரிசை: 18 நிட், ஒரு இடச்சாய்வு, 1 நிட், திருப்பு. ஓரத்தில் 11 கண்ணி பின்னாமல் மிஞ்சும். இரண்டாம் வரிசை: ஒன்று நழுவல், 5 பர்ல், இரண்டு சேர்த்து பர்ல், 1 பர்ல், திருப்பு. இந்தப் பக்கமும் 11 மிஞ்சும். மூன்றாம் வரிசை: ஒன்று நழுவல், 6 நிட், இடச்சாய்வு, 1 நிட், திருப்பு. அடுத்து 7 பர்ல், அதற்கடுத்து 8 நிட் என்று வரிசைக்கு ஒன்று கூடும். எண்ணிக்கை மறந்தாலும் கண்ணே காட்டிக்கொடுக்கும். திருப்பிய இடத்தில் ஒரு சின்ன இடைவெளி தெரியும், அந்த இடைவெளிக்கு இந்தப் பக்கக் கண்ணி ஒன்று, அந்தப் பக்கக் கண்ணி ஒன்று, இவற்றைத்தான் சேர்க்க வேண்டும். கடைசி இரண்டு வரிசையில் குறைத்தபின் பின்ன ஒற்றைக் கண்ணி மிஞ்சாது, அது தவறல்ல. முடிவில் 18 கண்ணி. வேறு எண் வந்தால் பிரித்துப் பாருங்கள், அப்படியே தொடர்ந்தால் கிண்ணம் ஒரு பக்கம் கோணி நிற்கும்.

பட்டையின் ஒரு ஓரச் சங்கிலியில் 16 கண்ணி எடுத்து, மூலையில் கூடுதலாக ஒன்று. புறங்காலுக்கு ஓய்வில் வைத்திருந்த 32. மறு ஓரத்தில் 17. ஆக 18, 17, 32, 17 சேர்ந்து 84. மூலையில் எடுக்கும் அந்த ஒற்றைக் கண்ணி ஓட்டையை அடைப்பதற்காக. அதை எடுக்கும்போது இரண்டு வரிசைக்கு நடுவே ஓடும் நூலை முறுக்கி எடுங்கள். முறுக்காமல் எடுத்தால் அடைக்க வந்த கண்ணியே ஓட்டையாக நிற்கும். அடுத்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, புறங்காலுக்கு முன்னால் மூன்று கண்ணி இருக்கும்போது வலச்சாய்வு, 1 நிட். புறங்காலைத் தாண்டியதும் 1 நிட், இடச்சாய்வு. குறைப்புச் சுற்று பத்தில் 84 மறுபடி 64 ஆகிவிடும்.

இங்கே நம் ஊர்க் கால்களுக்காக ஒரு திருத்தம். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்து அகலமாக இருப்பது சாதாரணம், கணுக்காலோ ஒல்லியாக இருக்கும். விரல் மூட்டுப் பக்கம் 23.5 செ.மீ. வந்தால் 68 கண்ணியிலேயே குறைப்பை நிறுத்திவிடுங்கள். கணுக்கால் 64, பாதம் 68. புத்தகத்து வரைபடங்கள் இரண்டையும் ஒன்றாகவே வைக்கும், அதைக் கேட்க வேண்டியதில்லை.

பாதத்தைச் சுற்றிச் சுற்றிப் பின்னுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குதிகாலின் பின்புறத்திலிருந்து 18.5 செ.மீ. வந்ததும் விரல் முனை தொடங்குகிறது. மேலே 32, கீழே 32. ஒவ்வொரு பாதியின் தொடக்கத்தில் 1 நிட், இடச்சாய்வு, முடிவில் வலச்சாய்வு, 1 நிட். சுற்றுக்கு நாலு கண்ணி போகும். ஒன்று விட்டு ஒரு சுற்றாக எட்டு முறை, 32 மிஞ்சும். பிறகு விடாமல் நாலு சுற்று, 16 மிஞ்சும். மொத்தம் 20 சுற்று, சுமார் 4.5 செ.மீ. 18.5‑உம் 4.5‑உம் சேர்ந்து 23.

அந்த 16‑ஐ எட்டும் எட்டுமாகப் பிரித்து இரண்டு ஊசியில் இணையாகப் பிடித்து, 40 செ.மீ. வால் விட்டு நூலை வெட்டி, தையல் ஊசியால் இணைக்க வேண்டும். கிச்சனர் தையல் என்று பெயர். முதலில் முன் ஊசியின் முதல் கண்ணியில் பர்ல் போல நுழைந்து விடு, பின் ஊசியின் முதல் கண்ணியில் நிட் போல நுழைந்து விடு. பிறகு முழுக்க ஒரே தாளம்: முன்னால் நிட் போல நுழைந்து கழற்று, அடுத்ததில் பர்ல் போல நுழைந்து விடு. பின்னால் பர்ல் போல நுழைந்து கழற்று, அடுத்ததில் நிட் போல நுழைந்து விடு. நடுவில் எழுந்து கதவைத் திறக்கப் போனால் எங்கே விட்டோம் என்று தெரியாது. முடிக்கும்வரை எழாதீர்கள். ஒவ்வொன்றையும் அப்போதே இறுக்க வேண்டாம், எல்லாம் முடிந்தபின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு கண்ணியாக மற்றக் கண்ணிகளின் அளவுக்கு இழுத்துவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பின்னுகிறீர்கள் என்றால் இந்தத் தையலில் சலுகையே கிடையாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு விரல்மேல் உரசும் ஒரு மடிப்போ முடிச்சோ புண்ணாகும்வரை தெரியாது. முடிச்சுப் போடாதீர்கள், நூல் முனைகளை விரல் பக்கம் செருகாமல் பக்கவாட்டில் செருகுங்கள், வாய்ப்பகுதியை 64‑க்குப் பதில் 72 கண்ணியில் தொடங்கிக் குதிகாலுக்கு முன் மெல்லக் குறைத்துவாருங்கள்.

செருப்போடு போட ஆசைப்படுகிறவர்களுக்கு, கட்டைவிரலைத் தனியாகப் பிரிக்கலாம். புதிதொன்றுமில்லை, எகிப்தில் கிடைத்த மிகப் பழைய சாக்ஸ்களே செருப்பு வாருக்காக விரல் பிரிந்தவை. விரல் இடுக்கு வரை பின்னியதும் 64‑இல் மேலே 12, கீழே 12 எடுத்து, இடுக்கில் 4 கண்ணி புதிதாக ஏற்றினால் கட்டைவிரலுக்கு 28. மீதி 40‑உடன் அந்த நாலின் அடியிலிருந்து 4 எடுத்தால் 44. இடது, வலது இரண்டும் எதிரெதிராக வர வேண்டும்.

இரண்டாவது சாக்ஸை டேப்பால் அளந்து பின்னாதீர்கள். முதலாவதன் சுற்றுகளைத் தாளில் எழுதி, அதையே எண்ணிப் பின்னுங்கள். நூல் உருண்டையைத் தொடங்கும்போதே சமையலறைத் தராசில் எடை போட்டு 50 கிராம் வீதம் இரண்டாகப் பிரித்துவிட்டால், நூல் போதுமா என்ற கேள்வியே வராது. இந்த அளவு ஜோடிக்குச் சுமார் 70 கிராம் ஆகும்.

துவைப்பதில் கெடுபவைதான் அதிகம். பார் சோப்பும் வாஷிங் சோடாவும் கம்பளியை அரிக்கும். ப்ளீச்சிங் பட்டால் இழையே கரைந்துபோகும். ஒரு மூடி ஷாம்பு போட்ட பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அழுத்தி எடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். கடலோரத்தில் போர்த் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்தபின் துணி விறைப்பாக நிற்கும். துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்துவிட்டு, நிழலில் படுக்கையாகக் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு நாளில் காயாது. மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் விடுங்கள், ஈரத்தோடு பீரோவில் வைத்தால் பூஞ்சை வரும். எடுத்து வைக்கும்போது துவைக்காத சாக்ஸ் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அந்துப்பூச்சியின் புழு வேர்வைக் கறை படிந்த கம்பளியைத்தான் தேடி வரும்.

மிஞ்சிய நூலில் ஐந்து கிராமாவது ஒவ்வொரு ஜோடிக்கும் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை சாக்ஸுக்குள் கையை விட்டு விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளங்காலில் தேய்ந்த இடம் சல்லடையாகத் தெரியும். ஓட்டை விழுவதற்கு முன்பே, தையல் ஊசியில் அந்த நூலைக் கோத்து, தேய்ந்த கண்ணிகள் போகும் பாதையிலேயே ஒவ்வொன்றின் மேலும் ஓட்டிவிடுங்கள், சுற்றிலும் நல்ல துணியில் இரண்டு கண்ணி தாண்டும்வரை. வலை முடையும் நைலான் காசிமேட்டில் பக்கத்திலேயே கிடைக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள். ஒற்றை இழை நைலான் கம்பிபோல விறைப்பு, நாலு நாள் நடந்தால் பக்கத்துக் கம்பளிக் கண்ணிகளை அதுவே அறுத்துவிடும்.